வாசிப்பை நிறுத்தாத அகராதி

ஒரு கதையை யாரையும் கேட்காமல், அகராதியைப் புரட்டாமல் படித்துப் புரிந்துகொள்ள, அதிலுள்ள சொற்களில் எத்தனை விழுக்காடு முன்பே தெரிந்திருக்க வேண்டும்? ஆங்கிலம் கற்கும் மாணவர்களிடம் சோதித்துப் பார்த்துவிட்டு, ஹூ, நேஷன் என்ற இரு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டு இதற்கு ஒரு விடை சொன்னார்கள்: 98. அதாவது, ஐம்பது சொல்லுக்கு ஒன்றுக்கு மேல் தெரியாததாக இருக்கக் கூடாது. பக்கத்துக்கு 250 சொல் என்று வைத்துக்கொண்டால் ஐந்து. அது ஏழு, எட்டு, பத்து என்று ஏற ஏறக் கதை கைநழுவத் தொடங்கும்.

கோர்படியில் இருந்துகொண்டு இந்த எண்ணைச் சாதாரணமாகக் கடந்துபோக முடியாது. புனே கன்டோன்மென்ட்டை ஒட்டி, ரயில் பாதையும் டீசல் லோகோ ஷெட்டும் ராணுவக் குடியிருப்புகளுமாக இருக்கும் இந்த வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. வீட்டில் தமிழ், கடைத்தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும். இங்கே பிறந்த பிள்ளைகள் தமிழைத் தங்குதடையில்லாமல் பேசுகிறார்கள். அம்மாவிடமோ ஆத்தாவிடமோ எழுத்துக்கூட்டவும் கற்றுக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் வீட்டுப் பேச்சில் வராத சொல் அவர்கள் காதில் விழுந்திருக்க வாய்ப்பே இல்லை. சரித்திர நாவல் ஒன்றைக் கையில் கொடுத்தால் பக்கத்துக்கு ஐந்து சொல் தடுக்காது. அதைப் போலப் பல மடங்கு தடுக்கும். அந்தப் பல மடங்கை ஐந்துக்குக் கீழே கொண்டுவர என்ன வழி என்பதுதான் என் கவலை. வழி இருக்கிறது, காசு செலவில்லாமல் இருக்கிறது. தமிழுக்கென்று பாக்கி நிற்கும் வேலையைத் தமிழர்களே செய்துகொள்ளும் உரிமையோடும் இருக்கிறது.

தடித்த அகராதியைப் புரட்டி ஒரு சொல்லைப் பிடிக்க, பழகிய கைக்கே அரை நிமிடம் ஆகும். அரை நிமிடம் அதிகமில்லை என்று தோன்றலாம். ஆனால் மனத்தின் கைநினைவு மிகச் சிறியது. ஒரே நேரத்தில் ஏழு செய்திகள் வரை, சற்று முன்னே பின்னே, அதில் நிற்கும் என்று அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார். நெல்சன் கோவன் 2001இல் அதை நான்கு என்று குறைத்தார். படிக்கும் வாக்கியத்தின் எழுவாய், முந்தைய வரியில் யார் பேசினார்கள், இப்போது எங்கே நிற்கிறோம் எல்லாம் அந்த நான்கு இடங்களில்தான் உட்கார்ந்திருக்கின்றன. அகராதியில் 'பு' எங்கே, 'புர' எங்கே என்று தேடத் தொடங்கியதும் அவை ஒவ்வொன்றாக வெளியேறிவிடுகின்றன. திரும்பி வந்தால் பத்தியை முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது. இரண்டாவது முறை இப்படி ஆனதும் பிள்ளைகள் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். கைபேசியை எடுத்து இணையத்தில் தேடினால் இன்னும் மோசம். தேடப் போன சொல்லைத் தவிர மற்ற எல்லாம் கண்ணில் படும்.

அதே ஜார்ஜ் மில்லர்தான் 1985இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் வேர்ட்நெட் என்ற ஆங்கிலச் சொற்களஞ்சியத் திட்டத்தைத் தொடங்கினார். யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு அது வெளியானது. இன்று பல கட்டற்ற அகராதி மென்பொருள்களில் ஆங்கிலப் பகுதிக்குச் சேர்க்கப்படுவது அதுதான். நினைவின் குறுகலைக் கணக்கிட்டவரே அந்தக் குறுகலுக்குத் தோதான கருவிக்கும் சரக்கு தந்துவிட்டுப் போயிருக்கிறார்.

கருவி வேலை செய்யும் விதத்தைப் பார்ப்போம். கணினியில் கோல்டன்டிக்ட் என்ற மென்பொருள். அதன் இப்போதைய, பராமரிப்பில் உள்ள வடிவத்துக்கு கோல்டன்டிக்ட்-என்ஜி என்று பெயர். படித்துக்கொண்டிருக்கும் சொல்லைச் சுட்டியால் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி 'சி'யை இருமுறை தட்டினால், சொல்லுக்குப் பக்கத்திலேயே சிறு பெட்டி திறந்து பொருள் காட்டும். லினக்ஸில் அந்தத் தட்டலும் வேண்டாம் என்று அமைத்துக்கொள்ளலாம். எக்ஸ்11 என்ற பழைய சாளர அமைப்பில், எந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தாலும் நகலெடுக்கும் முன்பே அது மற்ற மென்பொருள்களின் பார்வைக்கு வந்துவிடும். அகராதி அதைக் கவனித்துக்கொண்டே இருக்கும். மின்மைத் திரைக் கருவிகளிலும் ஆண்ட்ராய்டிலும் ஓடும் கேஓரீடர் என்ற வாசிப்புச் செயலியில் சொல்லை விரலால் சற்று நேரம் அழுத்தினால் போதும்.

பெட்டி திறக்கும் அந்தக் கண நேரத்தில் நடப்பது ஒரு அழகான கணக்கு. இந்த மென்பொருள்கள் எல்லாம் படிக்கிற ஒரு பொது வடிவம் உண்டு. ஸ்டார்டிக்ட் என்ற அகராதிச் செயலியோடு வந்ததால் அதற்கும் அதே பெயர். அதில் மூன்று கோப்புகள். ஒன்றில் அகராதியின் பெயரும் சொல் எண்ணிக்கையும். இன்னொன்றில் வரிசைப்படுத்திய சொற்பட்டியல். மூன்றாவதில் பொருள்கள் முழுவதும் ஒரே நீளமாக. பட்டியலில் ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னும் இரண்டு எண்கள் நிற்கும்: பொருள் எந்த இடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம்.

வரிசையாக இருக்கும் பட்டியலில் நடுச்சொல்லைப் பார். தேடுவது அதற்கு முன்னால் என்றால் பின்பாதியை விட்டுவிடு. பின்னால் என்றால் முன்பாதியை விட்டுவிடு. மிஞ்சியதில் மறுபடி நடு. இப்படிப் பாதி பாதியாக வெட்டினால் 1,31,072 சொற்கள் உள்ள பட்டியலில் எந்தச் சொல்லையும் 17 ஒப்பீடுகளில் பிடித்துவிடலாம். சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிகனில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இருக்கின்றன. அத்தனைக்கும் இந்த 17 போதும். சொற்களை இரட்டிப்பாக்கினால் ஒப்பீடு ஒன்றே ஒன்று கூடும். பின்னால் நமக்கு மிகவும் உதவப்போகும் செய்தி இது.

பொருள்கள் இருக்கும் கோப்பு பெரியது, எனவே சுருக்கி வைப்பார்கள். வழக்கமான சுருக்க முறையில் நடுவிலிருந்து ஒரு துண்டை மட்டும் எடுக்க முடியாது. தொடக்கத்திலிருந்து விரித்துக்கொண்டே வர வேண்டும். டிக்ட்ஜிப் என்ற முறை இதைத் தீர்த்தது. 1997இல் இணையவழி அகராதிப் பரிமாற்றத்துக்கு டிக்ட் என்ற நெறிமுறை வகுக்கப்பட்டது. அதை எழுதிய இருவரில் ஒருவரான ரிக் ஃபெயித் ஆக்கியது இந்த முறை. கோப்பை ஏறக்குறைய 58,000 பைட் கொண்ட துண்டுகளாக்கி ஒவ்வொன்றையும் தனித்தனியே சுருக்கி, துண்டுகளின் நீளப் பட்டியலைத் தலைப்பில் எழுதி வைத்துவிடும். வேண்டிய துண்டை மட்டும் விரித்தால் போதும். பத்து வருடப் பழைய கைபேசியிலும் பொருள் சட்டென்று வருவதற்கு இதுவே காரணம். இணைய இணைப்பு தேவையில்லை.

வரிசைப்படுத்திய பட்டியலின் அருமை தெரிந்த ஊர் புனே. கோர்படியிலிருந்து ஆற்றைத் தாண்டினால் எரவாடாவில் டெக்கான் கல்லூரி. 1948இல் எஸ்.எம். கத்ரே அங்கே தொடங்கிவைத்த சமஸ்கிருதப் பேரகராதித் திட்டத்துக்காக, நூல் நூலாகப் படித்து, சொல் சொல்லாகத் தாளில் எழுதி அடுக்கிய சீட்டுகள் ஒரு கோடி. முதல் பகுதி 1976இல் வந்தது. பணி இன்னும் முடியவில்லை. ஃபெர்குசன் கல்லூரி முதல்வராக இருந்த வாமன் சிவராம் ஆப்தேயின் சமஸ்கிருத-ஆங்கில அகராதி 1890இல் வெளியானது. மோல்ஸ்வொர்த்தின் மராத்தி-ஆங்கில அகராதி அதற்கும் முந்தியது. முதல் பதிப்பு 1831, திருத்திய பதிப்பு 1857. காப்புரிமைக் காலம் தாண்டிவிட்ட இத்தகைய நூல்களைத் தன்னார்வலர்கள் ஸ்டார்டிக்ட் வடிவத்துக்கு மாற்றி இலவசமாகத் தருகிறார்கள். இண்டிக்-டிக்ட் என்ற பெயரில் இந்திய மொழி அகராதிகளை இப்படித் தொகுத்து வைத்திருக்கும் களஞ்சியத்தில் தமிழ், மராத்தி, சமஸ்கிருதம் மூன்றுமே உண்டு. மராத்தி நாளிதழை இணையத்தில் படிக்கும் கோர்படித் தமிழருக்கும், தமிழ் நாவலில் தடுமாறும் அவர் மகளுக்கும் ஒரே மென்பொருளில் இரண்டையும் ஏற்றிவிடலாம்.

இந்த ஊருக்கும் நம் எழுத்துகளின் கணினி எண்களுக்கும் உள்ள தொடர்பு பலருக்குத் தெரியாது. 1988இல் புனேயில் தொடங்கப்பட்ட சி-டாக் நிறுவனத்தின் ஜிஸ்ட் பிரிவு, ஐஸ்கி என்ற இந்திய எழுத்துக் குறியாக்கத்தைக் கணினிகளில் பரவலாக்கியது. எல்லா இந்திய எழுத்துகளுக்கும் ஒரே வரிசை என்பது ஐஸ்கியின் அடிப்படை. யூனிகோடு அந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டது. தேவநாகரியின் 'க' 2325. தமிழின் 'க' 2965. வித்தியாசம் 640. எந்தத் தமிழ் எழுத்தை எடுத்து 640ஐக் கழித்தாலும் அதற்கு இணையான தேவநாகரி எழுத்து கிடைக்கும். மராத்தியில் உள்ள 'ள'வும் அப்படித்தான் கிடைக்கிறது. நம் ழ, ற, ன மூன்றுக்கும்கூட தேவநாகரியில் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மறுபக்கம் பார்த்தால், தேவநாகரியின் நான்கு 'க'வுக்கு எதிரே தமிழில் ஒன்றுதான்; மற்ற மூன்று எண்களும் வெற்றிடம். தமிழ்ப் பகுதியில் அத்தனை ஓட்டைகள் இருப்பதற்குக் காரணம் அந்தப் பொது வரிசைதான். ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்ற நம் நெடுங்கணக்கு வரிசையும் அந்த எண்களில் இல்லை. 'ன'வின் எண் 'ந'வுக்கு அடுத்தும் 'ற'வின் எண் 'ர'வுக்கு அடுத்தும் வருகின்றன. தேடுகிற மென்பொருளுக்கு இதனால் நட்டம் ஒன்றுமில்லை. பட்டியலை அடுக்கியவரும் தேடுபவரும் ஒரே வரிசையைப் பின்பற்றினால் சரி.

நட்டம் வேறொரு இடத்தில் வருகிறது. கோர்படி என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். கணினிக்கு அது ஏழு குறிகள்: க, ஓகாரக் குறி, ர, புள்ளி, ப, ட, இகரக் குறி. அந்த ஓகாரக் குறியின் எண் 3019. ஆனால் அதையே ஏகாரக் கொம்பு 3015, கால் 3006 என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். அப்போது எட்டுக் குறிகள். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் என்பதால், முதலாவது 21 பைட், இரண்டாவது 24. திரையில் இரண்டுக்கும் இம்மியளவு வேறுபாடு தெரியாது. பைட் பைட்டாக ஒப்பிடும் மென்பொருளுக்கோ இவை வேறு வேறு சொற்கள். பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்டு யூனிகோடுக்கு மாற்றப்பட்ட பனுவல்களில் இந்தப் பிரித்த வடிவம் சில நேரம் தங்கிவிடுகிறது. அகராதியில் சொல் இருந்தும் 'இல்லை' என்று பதில் வரும். தேடுவதற்கு முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர யூனிகோடே விதி வகுத்திருக்கிறது. பைத்தான் நிரல்மொழியில் ஒரே வரி வேலை. ஆனால் 'ஔ' என்ற ஓரெழுத்துக்குப் பதிலாக 'ஒ'வையும் 'ள'வையும் அடுத்தடுத்துத் தட்டியிருந்தால் அந்த விதி காப்பாற்றாது. யூனிகோடுக்கு அவை உண்மையிலேயே வேறு எழுத்துகள்.

இனி வருவது தமிழுக்கே உரிய பெரிய தடை.

எதிர்வீட்டுப் பெண் கல்லூரி மாணவி. மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளிலிருந்து ஒரு நாவலை இறக்கி மடிக்கணினியில் படிக்கத் தொடங்கியிருந்தாள். உலகெங்கும் உள்ள தமிழ்த் தன்னார்வலர்கள் 1998 முதல் தட்டச்சிட்டுச் சேர்த்துவரும் நூல்கள் அவை. கோல்டன்டிக்டும் தமிழ் அகராதியும் ஏற்றிக் கொடுத்திருந்தேன். அரைமணி நேரத்தில் கதவைத் தட்டினாள்.

"மாமா, அகராதி ஒண்ணுமே சொல்ல மாட்டேங்குது. பாதி சொல்லுக்கு இல்லைன்னே வருது."

அவள் தேர்ந்தெடுத்திருந்த சொல் 'புரவியைத்'. அகராதியில் 'புரவி' இருக்கிறது, குதிரை என்ற பொருளோடு. 'புரவியைத்' எப்படி இருக்கும்? பின்னால் ஒட்டியிருந்த 'த்' அடுத்த சொல்லின் தகரத்தால் வந்த ஒற்று; அதற்கு முன்னால் 'ஐ' உருபு, நடுவில் யகர உடம்படுமெய். மூன்றையும் நீக்கினால்தான் புரவி. அச்சு அகராதியைப் புரட்டும் தமிழர் இதை யோசிக்காமலேயே செய்துவிடுகிறார். மென்பொருளுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். ஆங்கிலத்துக்கு இந்த வேலை சில பத்து விதிகளில் முடிந்துவிடும் என்பதால், ஆங்கிலத்துக்காக எழுதப்பட்ட கருவிகள் தமிழில் வந்து திகைத்து நிற்கின்றன. பக்கத்தில் உள்ள தமிழ்ச் சொற்களில் உருபோ விகுதியோ ஒற்றோ சேராமல், அகராதியில் உள்ளபடியே நிற்பவை சிறுபான்மை.

கடைசியில் ஒட்டிய ஒற்றை நீக்குவது எளிது. க், ச், த், ப் என்ற வல்லின மெய்களில் தமிழ்ச் சொல் எதுவும் முடியாது. மொழியிறுதி எழுத்துகள் எவை என்று தொல்காப்பியமும் நன்னூலும் வகுத்துவைத்த இலக்கணம் இங்கே நேரே மென்பொருள் விதியாகிறது: கடைசியில் வல்லின ஒற்று இருந்தால் கழற்றிவிட்டுத் தேடு. 'பிளாக்', 'மார்க்' போன்ற கடன்சொற்களுக்காக, முதலில் உள்ளபடியே ஒருமுறை தேடிவிட்டுப் பிறகு கழற்ற வேண்டும். அவ்வளவுதான்.

உருபுகளுக்கு கோல்டன்டிக்ட் ஹன்ஸ்பெல்லின் துணையை நாடுகிறது. பின்னொட்டுகள் அடுக்கடுக்காக வரும் ஹங்கேரிய மொழிக்காக லாஸ்லோ நெமெத் உருவாக்கிய கட்டற்ற எழுத்துப்பிழைதிருத்தி அது. ஃபயர்ஃபாக்ஸிலும் லிப்ரேஆபீசிலும் இருப்பது அதுவே. விதிகள் எழுதும் முறை எவருக்கும் புரியக்கூடியது. 'ம்' என்று முடியும் சொல்லில் அந்த 'ம்'மை எடு, 'த்தை' சேர்: மரம், மரத்தை. 'டு' என்று முடிந்தால் அதை எடு, 'ட்டை' சேர்: வீடு, வீட்டை. புள்ளியில் முடிந்தால் புள்ளியை எடு, ஐகாரக் குறி சேர்: கால், காலை. தேடும்போது இதையே தலைகீழாக ஓட்டி, 'மரத்தை'யிலிருந்து 'மரம்' பிடிக்கும். கோல்டன்டிக்டின் அகராதி அமைப்புகளில் மார்ஃபாலஜி என்ற தாவலில் இந்த விதிக்கோப்பு இருக்கும் கோப்புறையைக் காட்டினால் ஏற்றுக்கொள்ளும்.

மேலே எழுதிய மூன்றாவது விதியைப் படித்தபோதே உங்களுக்கு உறுத்தியிருக்கும். 'காலை' என்றால் விடியற்பொழுதும்தானே? ஆம். 'காலைப் பார்த்தான்' என்ற தொடரில் அவன் பார்த்தது எது என்பது முன்பின் வாக்கியத்தைப் படிப்பவருக்குத்தான் தெரியும். நல்ல அகராதிக் கருவி இங்கே முடிவெடுக்க முயலக் கூடாது. இரண்டு பொருளையும் காட்டிவிட்டு ஒதுங்க வேண்டும். இந்த இடத்தில் தேடுபொறிக்கும் அகராதிக்கும் உள்ள வேறுபாடு முக்கியம். தேடுபொறிக்காக எழுதப்படும் வேர்ச்சொல் வெட்டிகள், ஸ்னோபால் தொகுப்பில் தமிழுக்கு இருக்கும் நிரலைப் போன்றவை, சொல்லைக் குறுக்கிவிடும். குறுகிய துண்டு பொருளுள்ள சொல்லாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. எல்லாப் பக்கங்களிலும் ஒரே மாதிரி குறுக்கினால் தேடல் நடந்துவிடும். அகராதிக்கோ உண்மையான தலைச்சொல் வேண்டும், துண்டு உதவாது.

ஹன்ஸ்பெல்லுக்கு ஒரு வரம்பு உண்டு: பின்னொட்டுகளை இரண்டு அடுக்குவரைதான் கழற்றும். 'வீடுகளிலிருந்தும்' என்ற சாதாரணச் சொல்லில் வீடு என்பதன் பின் கள், இல், இருந்து, உம் என்று நான்கு ஒட்டுகள் இருக்கின்றன. கோர்படி யார்டில் ரயிலின் கடைசிப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி எஞ்சினுக்கு வருவதைப் போல, பின்னாலிருந்து ஒவ்வொரு ஒட்டாகக் கழற்றிக்கொண்டே வரும் பொறி வேண்டும். எந்த ஒட்டுக்கு முன் எந்த ஒட்டு வரலாம் என்ற வழித்தடங்களும் அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். கணினி மொழியியலில் இதற்கு முடிவுறு நிலைமாற்றி என்று பெயர். மான்ஸ் ஹுல்டென் எழுதிய ஃபோமா என்ற கட்டற்ற கருவியில் இப்படிப்பட்ட பொறிகளைக் கட்டலாம். அதைக் கொண்டு கெங்காதரையர் சர்வேஸ்வரன் தன் இணையாய்வாளர்களோடு தமிழுக்காக உருவாக்கிய தமிழிமார்ஃப் 2021இல் ஆய்விதழில் வெளியானது. ஒரு சொல்லைக் கொடுத்தால் தலைச்சொல், வேற்றுமை, எண், காலம், இடம் என்று பிரித்துத் தருகிறது. நிரல் திறந்தே இருக்கிறது. என்னைக் கேட்டால், தமிழ் வாசிப்புக்கு அண்மைக் காலத்தில் கிடைத்த மிகப் பெரிய கொடைகளில் இது ஒன்று. ஆனால் ஆய்வுக்கூடத்திலிருந்து அது படிப்பவர் கையில் இருக்கும் பெட்டிக்குள் வந்துசேர வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத குறுக்குவழி ஒன்று இருக்கிறது. ஸ்டார்டிக்ட் வடிவத்தில் நான்காவதாக ஒரு கோப்பும் சேர்த்துக்கொள்ளலாம். அது மாற்றுச்சொல் பட்டியல். 'இந்தச் சொல் வந்தால் அந்தத் தலைச்சொல்லுக்குப் போ' என்று மட்டும் அதில் இருக்கும். சொல்லும், அதன் பின் நான்கு பைட்டில் தலைச்சொல்லின் வரிசை எண்ணும். கேஓரீடர் உள்ளுக்குள் பயன்படுத்தும் எஸ்டிசிவி என்ற நிரல் இதைப் படிக்கும். ஆகவே விதிகளை வாசிப்பவரின் கருவியில் ஓட்டாமல், நம் கணினியில் ஒரே ஒருமுறை ஓட்டி, எல்லா வடிவங்களையும் முன்கூட்டியே பெருக்கி அந்தக் கோப்பில் கொட்டிவிடலாம்.

எவ்வளவு பெருகும்? ஒரு பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை வடிவங்கள் எட்டு. ஒருமை, பன்மை என்று இரண்டு மடங்கு, 'உம்' சேர்ந்தும் சேராமலும் என்று இன்னும் இரண்டு மடங்கு, ஆக 32. ஐ, கு இரண்டின் பின்னும் க், ச், த், ப் மிகும் வடிவங்கள், ஒருமைக்கும் பன்மைக்குமாகப் பதினாறு. மொத்தம் 48. இருபதாயிரம் பெயர்ச்சொற்களுக்கு 9,60,000 வடிவங்கள். கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் பாதி பாதியாக வெட்டும் அந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள்: 10,48,576 சொல் வரை இருபதே ஒப்பீடுகள். 17 இருந்தது 20 ஆகிறது. இடம்? சராசரியாகப் பத்துக் குறிகள் என்றால் சொல்லுக்கு 30 பைட், முடிவைக் காட்ட ஒன்று, எண்ணுக்கு நான்கு. 35ஐ 9,60,000ஆல் பெருக்கினால் மூன்று கோடியே 36 லட்சம் பைட், ஏறக்குறைய 34 எம்பி. கைபேசியில் ஒரு சிறு காணொளி பிடிக்கும் இடம். மொழியியல் நுட்பம் எதுவும் இல்லாத இந்த முரட்டு வழியைச் சிலர் ஏளனமாகப் பார்க்கலாம். மலிவான நினைவகம் இருக்கும் காலத்தில் இது நியாயமான வழி என்றே நான் சொல்வேன்.

எதிர்வீட்டுப் பெண்ணும் அப்படித்தான் செய்தாள். தலைச்சொல், செங்குத்துக் கோடு, மாற்று வடிவங்கள், பிறகு ஒரு டேப், பொருள் என்று வரிவரியாக எழுதிய சாதாரண உரைக்கோப்பை பைகுளோசரி என்ற கட்டற்ற நிரலிடம் கொடுத்தால், அதுவே ஸ்டார்டிக்ட் கோப்புகளாக்கித் தந்துவிடும். 'ம்'மில் முடிபவை, 'டு', 'று' என்று முடிபவை, மெய்யில் முடிபவை, இ, ஈ, ஐ முடிபுக்கு யகரம், மற்ற உயிர்களுக்கு வகரம் என்று பள்ளி இலக்கணப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்துப் பைத்தானில் எழுதினாள். 'டு'வில் முடியும் எல்லாமே இரட்டிப்பதில்லை என்பது ஓடவிட்ட பிறகுதான் தெரிந்தது. வீடு 'வீட்டை' ஆகும். வண்டு 'வண்டை' ஆகும். முன்னால் மெல்லின மெய் இருந்தால் இரட்டிக்காதே என்று ஒரு வரி சேர்த்தோம். குற்றியலுகர வகைகளை மனப்பாடம் செய்யாத பெண், நிரல் சரியாக ஓட வேண்டும் என்பதற்காக அவற்றைக் கரைத்துக் குடித்துவிட்டாள்.

வினைச்சொல்லுக்கு இந்த முரட்டு வழி போதாது. 'சென்றான்', 'செல்கிறாள்', 'செல்வார்கள்' வரை பெருக்கிவிடலாம். ஆனால் 'சென்றுகொண்டிருந்தவர்களிடம்' என்று துணைவினைகள் அடுக்கத் தொடங்கினால் பட்டியலுக்கு முடிவே இருக்காது. அங்கே தமிழிமார்ஃப் போன்ற பொறிதான் வேண்டும். தலைச்சொல்லை எப்படி எழுதுவது என்பதிலும் அகராதிகள் ஒத்துப்போவதில்லை. தமிழ் லெக்சிகன் வினைகளைத் 'தல்', 'த்தல்' ஈற்றோடு தருகிறது. தமிழ் விக்சனரியில் வினையடியாகவும் காணலாம். இரண்டையும் இணைக்கும் பாலத்தை யாராவது கட்ட வேண்டும். லெக்சிகன் இதற்கு ஒரு பெரிய உதவியும் செய்திருக்கிறது. வினைகளை 13 வகையாகப் பிரித்து, வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் அதன் வகை எண்ணைக் குறித்திருக்கிறது. வகை தெரிந்தால் முக்கால வடிவங்களையும் நிரலே ஆக்கிவிடும்.

இவ்வளவு வசதிக்கும் ஒரு எச்சரிக்கை சேர்ந்தே வருகிறது. தேர்ந்தெடுத்த சொல்லை அகராதி உடனே பார்க்கிறது என்றால், தேர்ந்தெடுத்த கடவுச்சொல்லையும் அதே வேகத்தில் பார்க்கும் என்று பொருள். ஸ்டார்டிக்ட் செயலியில், இணைய அகராதி வசதி இயங்கும்போது தேர்ந்தெடுத்த உரையெல்லாம் தொலைவிலுள்ள வழங்கிக்குப் போகிறது என்று 2009இலேயே பாதுகாப்புக் குறையாகப் பதிவானது. 2025இல் அதே சிக்கல் மறுபடி எழுந்து, டெபியன் என்ற லினக்ஸ் வெளியீட்டின் வட்டாரத்தில் விவாதமானது. உரை மறையாக்கம்கூட இல்லாமல் போயிருந்தது. நிரல் திறந்திருப்பதால் யாரும் உள்ளே பார்த்துச் சரிபார்க்க முடியும். அகராதியை உங்கள் கருவியிலேயே வைத்துக்கொண்டு, இணைய அகராதிகளை முதல் வேலையாக அணைத்துவிடுங்கள். லினக்ஸின் புதிய சாளர அமைப்பான வேலண்டு, ஒரு மென்பொருள் மற்றொன்றின் தேர்வை ஒளிந்திருந்து பார்ப்பதைத் தடுத்துவிட்டது. தானாகத் திறக்கும் பெட்டி அதில் சரிவர வராமல் போவதற்குக் காரணம் இதுதான். விசையைத் தட்டும் சின்னச் சிரமத்தை நான் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்கிறேன்.

அகராதிச் சரக்கைப் பொறுத்தவரை தமிழுக்குக் குறைவில்லை. ஃபப்ரிசியஸின் அகராதி 1779இல் வேப்பேரியில் அச்சானது. வின்ஸ்லோவின் பேரகராதி 1862இல் சென்னையில் வந்தது. இவை எல்லோருக்கும் சொந்தமான பொதுச் சொத்து. தமிழ் விக்சனரி 2004இலிருந்து வளர்கிறது. பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தோடு யாரும் எடுத்தாளலாம். சிகாகோ பல்கலைக்கழகம் தமிழ் லெக்சிகன், ஃபப்ரிசியஸ், வின்ஸ்லோ மூன்றையும் இணையத்தில் தேடும்படி வைத்திருக்கிறது. படிக்க நூல்களும் உண்டு: மதுரைத் திட்டம் போக, எழுத்தாளர்களே கட்டற்ற உரிமத்தில் தந்த மின்னூல்களை ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் தளம் வெளியிடுகிறது. இல்லாதது, நடுவில் நிற்கும் அந்த மாற்றுச்சொல் கோப்பு ஒன்றுதான். பணம் கொடுத்து வாங்கும் வாசிப்புக் கருவியோடு வரும் மூடிய மென்பொருளில், அதன் நிறுவனம் தமிழைச் சேர்க்கும்வரை நாம் பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். இங்கே அப்படியில்லை. கேஓரீடரின் அகராதிக் கோப்புறையில் நான்கு கோப்புகளைக் கொண்டுபோய்ப் போட்டால் வேலை முடிந்தது.

அந்தப் பெண்ணின் கோப்பு இப்போது பெயர்ச்சொற்களைப் பெரும்பாலும் பிடித்துவிடுகிறது. அடுத்து அவள் கைவைத்திருப்பது 'மரக்கிளை', 'குளக்கரை' போன்ற தொகைச்சொற்களில். மகர ஈறு கெட்டு வல்லினம் மிகுந்த இடத்தைக் கண்டுபிடித்து, இடப்பக்கத் துண்டோடு 'ம்'மைச் சேர்த்துப் பார்த்து, இரண்டு துண்டும் அகராதியில் இருந்தால் இரண்டின் பொருளையும் காட்ட வேண்டும். 'பக்கம்' என்ற சொல்லிலும் நடுவில் 'க்க' வருகிறது. அதைப் 'பம்' என்றும் 'கம்' என்றும் அது வெட்டாமலிருக்க, முழுச்சொல் அகராதியில் இருந்தால் பிரிக்காதே என்ற விதியை நேற்று சேர்த்திருக்கிறாள்.